வளைவில் அடிக்கும் விசில்

சென்ற வாரம் மதுரை இஞ்சின் ஷெட் பக்கம் போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று என் மனைவியும்தான் கேட்கிறாள். புதிதாகச் சேர்ந்த தம்பிகள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு அன்று டியூட்டியை மாற்றி, மறுபடியும் மாற்றியிருந்தார்கள். பிள்ளையைத் திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் தட்டி, "விடு மாப்ள, பிள்ளைக பழகிக்குங்க" என்றான்.

எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இருந்திருந்தால் அந்தத் தம்பியை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் "கிழவனுக்கு மூளை பிசகிப்போச்சு" என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கத்தினால் யாருக்கும் காது வலிக்காது.

கரியை எப்படி வீசுவது, ஏற்றத்தில் நீராவியை எப்படிக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் உங்கள் டிரைவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இது இரண்டாம் உலக யுத்த காலத்தில் நடந்தது. நான் அப்போது இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன். இன்றைக்குப் பெயர் சொன்னால் அவருடைய மகளுக்குச் சங்கடம் என்பதால் என் டிரைவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டோம்.

அந்தக் காலத்தில் டியூட்டி எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டியூட்டிக்கு ஆள் கூப்பிடுகிற கால் ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை. எந்த வண்டிக்கு யார் என்று சாக்பீஸால் எழுதுவார்கள். எழுதிய கை கீழே இறங்குவதற்குள் அழிப்பார்கள். அழைப்பதற்கென்று ஓர் ஆள் உண்டு, கால்மேன் என்போம். அவன் சைக்கிள் மணி நாங்கள் குடியிருந்த ரயில்வே லைன் வீட்டு வாசலில் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ வேண்டும். மானாமதுரை வரை என்று சொல்லி அனுப்புவார்கள். அங்கே போனதும், கடற்கரை ஓரத்து மண்டபம் ஸ்டேஷன் வரை போ என்பார்கள். மண்டபத்தில் இறங்கினால் பட்டாளத்துச் சாமான் ஏற்றிய வண்டி ஒன்று நமக்காகவே காத்துக்கொண்டு நிற்கும். எப்போது திரும்புவோம் என்பது அங்கே போகிறவனுக்கும் தெரியாது, அனுப்புகிறவனுக்கும் தெரியாது. யுத்தம் என்ற ஒரு வார்த்தை போதும், யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளிடம் "அப்பா எப்ப வருவாரு?" என்று யாராவது கேட்டால் அதுகளுக்குக் கேள்வியே புரியாது. "கெழக்க போயிருக்காக", "வடக்க போயிருக்காக" என்றுதான் பதில் வரும். திசை தெரியும், நேரம் தெரியாது. இதைக் கேட்டு ஒரு பெரிய அதிகாரி, ரயில்வே பிள்ளைகளுக்குப் பூகோளம் நன்றாக வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய பிள்ளைகள் கொடைக்கானலில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த லட்சணத்தில் எங்கள் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஊருக்குள் நுழைகிற வண்டிகள் ஒரு வளைவில் திரும்பும். அந்த வளைவுக்குப் பின்னால்தான் லைன் வீடுகள். அங்கே வந்ததும் ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று ஒரு விதமாக விசில் அடிப்பார். ஒருவர் மூன்று குட்டை. ஒருவர் நீளமாக ஒன்று, பிறகு பட்டென்று வெட்டுகிற மாதிரி ஒன்று. விதிப்படி தப்பு. மாட்டினால் தண்டம். ஆனாலும் அடிப்பார்கள். அதைக் கேட்டதும் வீட்டில் உலை வைப்பார்கள். வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஷெட்டில் விட்டு, கையெழுத்துப் போட்டு ஆள் வந்து சேர்வதற்கும் சோறு வேகுவதற்கும் சரியாக இருக்கும். ஷெட்டில் சொல்லாததை அந்த விசில் சொல்லியது. ஊரில் மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம்.

எங்கள் அண்ணனுடையது இரண்டு குட்டை, ஒரு நீளம். அந்த நீளத்தைக் கடைசியில் மெல்லத் தேய்த்துக் கீழே இறக்குவார். இஞ்சின் மாறினாலும் அவருடைய கை மாறாது.

அவருக்கு ஒரே மகள். பேச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயது இருக்கும். அம்மா இல்லை, பேச்சிக்கு நாலு வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் காரியம் முடிந்த மறுநாளே கால்மேன் மணி அடித்தான். அண்ணன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அப்படிப்பட்ட மனிதர். நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் ஷெட்டில் யாரிடமும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது நல்ல குணம் என்று நான் அப்போது நினைத்திருந்தேன்.

அவர் வண்டிக்குப் போனால் பக்கத்து வீட்டு ஜைனம்பு அக்காதான் பேச்சியைப் பார்த்துக்கொள்வார். அவர் கணவர் ஷெட்டில் பாய்லர் வேலை. அந்த அக்கா தன் பிள்ளைகளுக்கு ஒரு கை, பேச்சிக்கு ஒரு கை என்று ஒரே தட்டில் பிசைந்து ஊட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு ஊட்டினாலும் பேச்சியின் காது மட்டும் வளைவில் இருக்கும். விசில் கேட்டதும் எழுந்து ஓடுவாள். தெருக்குழாயில் வாளி நிரப்பி, தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைப்பாள். பக்கத்தில் சீயக்காய், துண்டு. பிறகு குழாயடிச் சுவர்மேல் ஏறி நின்று அந்தத் துண்டை ஆட்டுவாள். இஞ்சினிலிருந்து பார்த்தால் வெள்ளையாக ஆடுவது தெரியும். என்னைத் திட்டிக்கொண்டே வந்த அண்ணன் அதோடு திட்டை நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் மானாமதுரை வரை ஒரு கூட்ஸ். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் பரவைச் சந்தைக்குக் கூட்டிப் போய் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கித் தருவதாக அண்ணன் மகளிடம் சொல்லியிருந்தார். புறப்படும்போது அவள் கேட்டாள், "நிச்சயமாப்பா?" அவர், "விசில் கேக்கும்ல தாயி, அப்ப தெரிஞ்சுக்க" என்றார்.

மானாமதுரையிலிருந்து திரும்ப விடவில்லை. மண்டபம் போ என்றார்கள். அண்ணன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், மதுரை ஷெட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி வீட்டில் தெரிவிக்க முடியுமா என்று கேட்டார். அந்த மாஸ்டர் நல்ல மனிதர். எங்கள் கண் முன்னாலேயே டெலிபோனில் மதுரைக்குச் சொன்னார். அங்கே கால் ஆபீஸ் கிளார்க் கேட்டுக்கொண்டதையும் சொன்னார். அண்ணன் நிம்மதியாக வண்டி ஏறினார். மண்டபம் போனோம், திரும்பினோம், பாதியில் மறித்து மறுபடி மண்டபத்துக்கே அனுப்பினார்கள். எங்கே தூங்கினோம், என்ன தின்றோம் என்று எனக்கே நினைவில்லை. ஆனால் வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறது என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு எவ்வளவு முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது.

கிளார்க் யாரிடமும் சொல்லவில்லை. லைன் வீடு ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம். கால்மேன் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறான், வருகிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை.

இங்கே பேச்சி முதல் நாள் சாப்பிடவில்லை. அப்பா வந்த பிறகு என்றாள். மறுநாள் சந்தை நாள். விடிந்ததிலிருந்து பாவாடை சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வண்டி வளைவுக்கு வரும்போதும் எழுந்திருப்பாள், வேறு யாருடைய விசிலோ கேட்கும், உட்கார்ந்துவிடுவாள். ஜைனம்பு அக்கா மிரட்டிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார். தண்ணீர் கூட உள்ளே போகவில்லை. அக்கா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கால் ஆபீஸுக்கே போய்விட்டார். ஆம்பளைகள் நிற்கிற இடத்துக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை.

"சார், பேச்சியோட அப்பா எங்க இருக்காகன்னு சொன்னா போதும். பிள்ள பட்டினி கெடக்கு."

கிளார்க் தலையைத் தூக்காமலே சொன்னான்: "வரும்போது வருவாக. போம்மா."

அவனுக்குத் தெரியும், தம்பிகளே. மண்டபத்தில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

அக்கா திரும்பி வரும்போது சேவியர் அண்ணன் வண்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அதே லைனில் கடைசி வீடு, அவரும் டிரைவர். காலையில் விருதுநகர் போய் மத்தியானம் திரும்புகிற வண்டி அவருக்கு. பத்துப் பேருக்குச் சோறு போடுகிற மனது. அக்கா அவரிடம் போய்க் கேட்டார்: "அண்ணே, திரும்பி வரும்போது அவுக விசில ஒரு தடவ அடிச்சு விடுங்க. பிள்ள ரெண்டு வாய் திங்கும். அதுக்குள்ள அவுகளும் வந்துருவாக."

சேவியர் அண்ணன் யோசிக்கவே இல்லை. "இம்புட்டுத்தானம்மா, அடிச்சுட்டாப் போச்சு" என்றார்.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. வேறு யாருக்கு இன்னொருவனுடைய விசில் அச்சு அசலாக வரும்? இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் அந்தத் தேய்ப்பு. கொஞ்சமும் குறையில்லாமல் அடித்தாராம்.

பேச்சி துள்ளி எழுந்தாள். அக்கா நீட்டிய சோற்றை நின்றபடியே நாலு வாய் வாங்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினாள். வாளி வந்தது, சீயக்காய் வந்தது. சுவரில் ஏறித் துண்டை ஆட்டினாள். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம், பிள்ளை சாப்பிட்டுவிட்டாளே என்று.

அதற்குப் பிறகு பேச்சி வாசலில் உட்கார்ந்தாள். சோறு வேகுகிற நேரம் போனது. குளித்துச் சாப்பிட்டுத் தூங்குகிற நேரமும் போனது. வெயில் இறங்கியதும் அவளாகவே எழுந்து ஷெட் கேட்டுக்கு நடந்தாள். கேட்டில் இருந்தவரிடம், "எங்கப்பா உள்ள இருக்காக, வரச் சொல்லுங்க" என்றாள். அந்த விசில் எதற்காக என்று அவருக்குத் தெரியாது, பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. "அப்பா இன்னும் வரலியேம்மா. மத்தியானம் வந்தது சேவியர் வண்டி. அவருதான் அப்பா மாதிரி அடிச்சாராம், சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க" என்றார்.

பேச்சி அழவில்லை. வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். துண்டை மடித்து உள்ளே வைத்தாள். பிறகு அக்காவிடம் போய்ச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நாங்கள் அடுத்த நாள் முற்பகலில் திரும்பினோம். வளைவில் அண்ணன் அடித்தார். நான் கரி வீசுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். குழாயடிச் சுவரில் யாரும் இல்லை. அவர் மறுபடியும் அடித்தார். விதிப்படி ஒன்றே தப்பு, இரண்டாவது தடவை அடித்தவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சுவர் காலியாகவே இருந்தது. "காய்ச்சலா இருக்குமோடா" என்று கேட்டார். அவ்வளவு நாள் முறுக்கிய மீசையோடு என்னை மிரட்டிய மனிதருடைய குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

ஷெட்டில் இஞ்சின் நிற்பதற்குள் ஷெட்டுக்குப் பொறுப்பான போர்மன் ஓடி வந்தார். "இறங்காதீங்க. திண்டுக்கல்லுக்கு ஒரு ஸ்பெஷல் நிக்குது. பயர்மேனுக்கு மாத்து ஆள் இருக்கு, டிரைவருக்கு இல்ல. தண்ணி புடிச்சுக் கரி ஏத்துன உடனே பொறப்படணும்."

"வீட்டுல பிள்ளையப் பாத்துட்டு வாரேன்."

"கரி ஏத்துற வரைக்கும் டயம். மிலிட்டரி வண்டி, தெரியும்ல?"

தெரியும். மிலிட்டரி வண்டியை மறுத்தவனுக்கு வேலை போகும், ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்று எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். போய்விட்டு வந்து வண்டியை எடுக்கிற நினைப்பில்தான் இறங்கினார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

பேச்சி ஜைனம்பு அக்கா மகளோடு உட்கார்ந்து சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்கப்பா" என்றாள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி.

"விசில் கேக்கலையா தாயி?"

"கேட்டுச்சு."

"பெறகு ஏன் வரல?"

"அது யார் வேணாலும் அடிப்பாக" என்று சொல்லிவிட்டுச் சோழியைக் கையில் அள்ளினாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "எந் தப்புதாண்ணே, அல்லா மேல ஆணை, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்று அழுதார். அண்ணன் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் ஆபீஸில் கேட்டீர்களா, அவன் என்ன சொன்னான் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கால்மேன். "இஞ்சின் ரெடிண்ணே, கூப்புடுறாக."

பேச்சி விளையாட்டை விட்டு எழுந்தாள். அண்ணன் வந்ததும் கழற்றி வைத்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டினாள். என் கையிலிருந்த தூக்கை வாங்கிக் கழுவி, அக்கா வீட்டுச் சோற்றை அதில் போட்டு மூடினாள். இரண்டையும் அப்பாவிடம் நீட்டி, "நேரமாச்சுப்பா, போய்ட்டு வாங்க" என்றாள். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. சந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை.

அண்ணன் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரலன்னு சொல்லிருப்பா" என்றார் கால்மேனிடம்.

"அண்ணே, மிலிட்டரி வண்டிண்ணே."

"வரலன்னு சொல்லு."

மறுநாள் நான் கால் ஆபீஸுக்குப் போனேன். தகவல் வந்ததா இல்லையா என்று கிளார்க்கைக் கேட்டேன். வந்தது என்றான், கொஞ்சமும் கூசாமல். ஏன் சொல்லவில்லை என்றேன். "ஒருத்தர் வீட்டுக்குச் சொன்னா அம்புட்டுப் பேர் வீட்டுக்கும் சொல்லணும்ல?" என்றான். சொல்லேன், அதற்குத்தானே உன்னை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதற்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. வருத்தம் ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு உலுக்கு உலுக்கியிருக்கலாம் என்றுதான் இருக்கிறது.

அண்ணனை வேலையிலிருந்து நீக்கவில்லை. யுத்த காலத்தில் டிரைவருக்கு எங்கே போவார்கள்? மெயின் லைனிலிருந்து இறக்கி, யார்டுக்குள்ளேயே பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளுகிற குட்டி இஞ்சினில் போட்டார்கள். பெரிய அவமானம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வேடிக்கையைப் பாருங்கள், அதில்தான் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒழுங்காக இருந்தது. பிள்ளை பெற்றவன் சாயங்காலம் வீட்டுக்கு வருவது எங்கள் ரயில்வே கம்பெனியில் ஒரு தண்டனை.

அடுத்த சந்தைக்கே பேச்சியைப் பரவைக்குக் கூட்டிப் போனார். ஆட்டுக்குட்டி வந்தது. அதை அவள் நன்றாகத்தான் வளர்த்தாள். அண்ணன் தினமும் வேலை முடிகிற நேரத்தில் யார்டிலிருந்து தன் விசிலை அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நீளம். லைன் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். வாளி வாசலுக்கு வரவில்லை. சுவரில் துண்டு ஆடவில்லை. அப்பா வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போவாள். ஒரு மழைக்காலம் முழுக்க அடித்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். சேவியர் அண்ணன் அதற்கும் முன்பே தன்னுடைய விசிலைக் கூட வளைவில் அடிப்பதை நிறுத்தியிருந்தார். அவர்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துக் கிளார்க்மேலேயே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வழியில் உங்களை மறித்து வேறு பக்கம் அனுப்பினால் ஆபீஸை நம்பாதீர்கள். எதிரே ஊருக்குத் திரும்புகிற வண்டியில் இருப்பவனிடம் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் திரும்புகிறவராக இருந்தால், குளிப்பதற்கு முன்னால் அங்கே மாட்டிக்கொண்டவன் வீட்டு வாசலுக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளையிடமும் சொல்லுங்கள். "அப்பா மண்டபத்துல இருக்காக, என்னைக்கு வருவாகன்னு தெரியாது" என்றால் பிள்ளை அழும். அழுதுவிட்டுச் சாப்பிடும். இன்று வருவார், இதோ வருவார் என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வேலையில் கரும்பலகையை மாற்றுகிற உரிமை உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அதைக் கேட்டுச் சண்டை போடுகிற உரிமை உண்டு, போடுங்கள். நான் போட்டேன். பாதிதான் ஜெயித்தேன்.

முதுகில் தட்டிய அந்தத் தம்பிக்கு ஒன்று. நீ சொன்னது சரி, பிள்ளைகள் பழகிக்கொள்ளும். பேச்சியும் பழகிக்கொண்டாள். தொப்பியைத் தூசி தட்டிக் கொடுத்தது அதுதான்.

அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நான் அவரிடம் கேட்டேன். ஜெயிலென்றும் வேலை போகுமென்றும் தெரிந்தே அன்றைக்கு எப்படி அந்த வாசற்படியில் உட்கார்ந்தீர்கள் என்று. அவர் மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவ அழுதிருந்தா, நான் வண்டிக்குப் போயிருப்பேன்டா" என்றார்.